டீக்காசுக்கு நூறு காயின்

ஒட்டன்சத்திரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில், கோட்டு போட்ட கம்பெனி டைரக்டர் ஒருவர் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்தபடியே செல்போனில் ஓட்டல்களுக்கு மதிப்பெண் போடும் வேலை. சம்பளம் கிரிப்டோ காயினில். சேருவதற்கு முன்பணம் பதினைந்தாயிரம். தோட்டை அடகு வைத்த பணத்தோடு அமுதாவும் வரிசையில் நின்றாள்.

அங்கே டீ கொடுக்க வந்திருந்த அவள் அக்கா சம்பூரணம் கையைப் பிடித்து இழுத்தாள். "தக்காளி பறிக்கக் கூப்பிடுறவங்ககூட நம்மகிட்ட காசு கேக்க மாட்டாங்களேடி."

டைரக்டருக்குக் கேட்டுவிட்டது. "டீக்கார அம்மாவுக்குக் காயினைப் பத்தி என்ன தெரியும்?" என்று மைக்கிலேயே சிரித்தார்.

"தெரியாதுங்க சார். அதனால டீக்காசு ரெண்டாயிரத்தையும் காயினாவே கொடுங்க, பழகிக்கிறேன்."

அவர் மகிழ்ந்துபோய் அவள் செல்போனில் நூறு காயின் ஏற்றினார். "ஒரே மாசத்துல இது நாலாயிரம் ஆயிடும்."

"அவ்வளவு ஆசை எனக்கு இல்லைங்க. ஆயிரம் ரூபாய் கொடுத்துட்டு நூறையும் நீங்களே வாங்கிக்கங்க. பால்காரர் வாசல்ல நிக்கிறாரு."

டைரக்டர் தண்ணீர் குடித்தார். "கம்பெனி திருப்பி வாங்காதும்மா."

"சரி, ஐந்நூறு கொடுங்க."

டைரக்டர் மைக்கை அணைத்தார்.

"அம்பது ரூபாய்க்காவது வாங்குவீங்களா?" என்று வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். மண்டபமே சிரித்தது. முந்தின நாள் பணம் கட்டியிருந்த இருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒருவர் கதவை மறித்து நின்றார். மற்றவர் சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்குப் போன் போட்டார்.

வரிசை கலைந்தது. அமுதா பணத்தைக் கெட்டியாகப் பிடித்தபடி நின்றாள்.

"என்னடி பார்த்துட்டு நிக்கிற? அடகுக்கடையை ஆறு மணிக்கு மூடிடுவாங்க, ஓடு" என்றாள் சம்பூரணம்.