கல்லைக் கவ்விய ஆட்காட்டி

ஒரு காட்டில், குளத்துக்குப் போகிற வழியெல்லாம் முள்ளும் புதருமாகக் கிடந்தது. ஒருநாள் புலிராஜாவின் காலிலேயே முள் ஏறிவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? பத்தே நாளில் புதரெல்லாம் போய் அகலமான புதுப் பாதை வந்துவிட்டது. மந்தைகள் நின்று இளைப்பாற, மருத மரத்தடியில் தனியாக ஒரு திடலும் ஒதுக்கினார்கள்.

கூடவே சட்டமும் வந்தது. பாதையில் யாரும் படுக்கக் கூடாது. பாதையை விட்டு யாரும் இறங்கக் கூடாது. மீறினால், பொழுது சாயும்வரை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இதைக் கவனிக்க நரியைக் காவலுக்கு வைத்தார் ராஜா.

பாதையை ஒட்டிய கூழாங்கல் மேட்டில் ஓர் ஆட்காட்டிக் குருவி குடியிருந்தது. குழந்தைகளே, ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டாது. தரையில், கல்லோடு கல்லாகத்தான் முட்டையிடும். யாராவது வந்தால் "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று காட்டையே கூட்டிவிடும். வாய் என்றால் அப்படி ஒரு வாய்! இப்போது மேட்டில் அதன் நான்கு முட்டைகள் இருந்தன.

புதுப் பாதை அதற்கும் பிடித்துத்தான் இருந்தது, எருமைகள் வரும்வரை. எருமைகளுக்கு மருத மரம்வரை நடக்கச் சோம்பல். பாதையின் குறுக்கே சாவகாசமாகப் படுத்து அசைபோட்டன. தண்ணீருக்குப் போன மான்களும் முயல்களும் வேறு வழியில்லாமல் கூழாங்கல் மேட்டில் இறங்கி நடந்தன. ஒரு மானின் குளம்பு முட்டைக்கு அரை விரல் தள்ளி விழுந்தது. ஆட்காட்டிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நரி ஓடி வந்தது. எருமையிடம் இல்லை, முயலிடம்!

"ஏய், பாதையை விட்டா இறங்குறே? தூக்கு காலை!"

"பாதையிலதான் அவங்க படுத்திருக்காங்களே, ஐயா!" என்று அழுதது முயல்.

நரி எருமையின் கொம்பைப் பார்த்தது. "என்ன அண்ணே, வெயில் ரொம்ப ஜாஸ்தியோ?" என்று குழைந்துவிட்டு நகர்ந்தது.

ஆட்காட்டி நேரே ராஜாவின் குகைக்குப் பறந்தது. "ராஜா, பாதை நல்ல பாதைதான். ஆனா எருமைங்க வழியை மறிச்சுப் படுத்திருக்கு. எல்லாரும் என் முட்டை மேல நடக்கிறாங்க. காவல்காரர் கண்டுக்கவே இல்லை!" என்றது.

ராஜா பார்க்க வந்தார். அவர் தலை தெரிந்ததுமே, அதற்குள் மேட்டுக்குத் திரும்பியிருந்த ஆட்காட்டி பழக்கதோஷத்தில் "டிட்டிட்டீ!" என்று கத்தியது. அவர் வந்து சேர்ந்தபோது பாதை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நரி மட்டும் விறைப்பாக நின்றது.

இரண்டாம் முறையும் இதே கதை. மூன்றாம் முறை ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கேம்மா எருமை? இன்னொரு தடவை என்னை அலைய வெச்சே, மேட்டையே காலி பண்ணச் சொல்லிடுவேன்!"

அவர் போனதும் நரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "பைத்தியமே! ராஜா வர்றார்னு எங்களுக்குச் சொல்றதே நீதானே? உன் சத்தம் கேட்டதும் எருமையண்ணன் ஓடிடுவார். நானும் எழுந்து நின்னுக்குவேன். உன்னை மாதிரி ஒத்தாசை யார் செய்வா?"

ஆட்காட்டிக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அடுத்த நொடியே சிரிப்பு வந்துவிட்டது. நரி தன் வாயாலேயே வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டதே!

மறுநாள் காலை அது மறுபடி குகைக்குப் போனது. "இன்னிக்கு உச்சி வெயில்ல வாங்க, ராஜா. பாதையில எருமை இல்லேன்னா, நானே மேட்டைக் காலி பண்ணிடறேன்."

மேட்டில் முட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அதன் கணவனுக்குக் கவலை. "உன்னால கத்தாம இருக்க முடியுமா?"

"முடியாதுதான்" என்ற ஆட்காட்டி, ஒரு கூழாங்கல்லை எடுத்து அலகில் கவ்விக்கொண்டது. கணவனுக்கும் ஒன்று கொடுத்தது.

உச்சி வெயில். தூரத்தில் ராஜாவின் தலை தெரிந்தது. ஆட்காட்டிக்குத் தொண்டை நமநமவென்றது. கல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டது. பாதையில் எருமைகள் தூங்கின. பெரிய எருமையின் வயிற்றில் தலையை வைத்து நரியும் குறட்டை விட்டது.

ராஜா வந்தார். பாதையில் கால் வைக்க இடமில்லை. கூழாங்கல் மேட்டில் இறங்கினார். ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. அடுத்த அடிக்காகத் தூக்கிய கால் முட்டைகளுக்கு நேர் மேலே வந்தது.

கல் கீழே விழுந்தது. "டிட்டிட்டீ! ராஜா, காலுக்குக் கீழே என் பிள்ளைங்க!" என்று ஆட்காட்டி சிறகை விரித்துக் குறுக்கே பாய்ந்தது.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.

சத்தத்தில் விழித்த நரி, கண்ணைக் கசக்கிக்கொண்டே, "எவன்டா அவன் பாதையை விட்டு இறங்கினது? தூக்கு காலை!" என்று அதட்டியது.

"தூக்கிக்கிட்டுத்தானே நிக்கிறேன், தெரியலையா?" என்றார் ராஜா.

அன்று எருமைகள் மருத மரத்துக்கு ஓடிய ஓட்டத்தைக் காடே வேடிக்கை பார்த்தது. பொழுது சாயும்வரை நரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. முயல் அதன் எதிரிலேயே, பாதையின் நடுவில் துள்ளித் துள்ளிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தது.

நீதி: குறையைக் கத்திச் சொன்னால் மட்டும் போதாது, அது நடக்கும் நேரத்தில், நடக்கும் இடத்தில், தீர்க்க வேண்டியவர் கண்ணில் படும்படி செய்ய வேண்டும்.