வெள்ளையாக விழுந்த கண்

"பார்க்கிறதே பொழைப்பா இருந்தவன் சிஸ்டர் நான். எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

கேட்டவன் கிளாட்வின். காமிராக்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவன். புதுக் காமிரா எது வந்தாலும், அதை வாங்கலாமா கூடாதா என்று அவன் எழுதும்வரை காத்திருக்கிறவர்கள் உண்டு.

கேட்டுக்கொண்டிருந்தவர் இம்மாகுலேட். கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்து, மலையடிவாரத்தில் ஓட்டு வீடு ஒன்றில் தனியாக இருக்கிறவர். அங்கியைக் கழற்றி எத்தனையோ வருஷம் ஆகியும் ஊருக்கு அவர் சிஸ்டர்தான். வயது அவனைவிட அப்படியொன்றும் அதிகமில்லை. மனசு கலங்கும்போதெல்லாம் அவன் இங்கேதான் வருவான். அவர் அதிகம் பேசமாட்டார். அதற்காகவே வருவான்.

சுளகில் முருங்கைக்கீரை கிடந்தது. ஒரு கொத்தை அவன் பக்கம் தள்ளினார்.

"உருவிக்கிட்டே சொல்லுங்க தம்பி."

சொன்னான்.

காமிராவைச் சோதிக்க அவனுக்கென்று ஒரு வழக்கம். எது வந்தாலும் ஒரே முகத்தை, ஒரே நாற்காலியில், ஒரே தூரத்தில் வைத்து எடுப்பான். அப்போதுதான் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். முன்பெல்லாம் அவன் மனைவி ஜெபா உட்காருவாள். பாப்பாவுக்கு உட்காரத் தெரிந்த பிறகு பாப்பா. ரோஸ்லின் என்று பெயர். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்குவான். கண்தான் அவனுக்குக் கணக்கு. மற்றதெல்லாம் ஓரத்துக்குப் போய்விடும்.

மழைக்காலத்தில் வந்த ஒரு காமிராவில், ஃபிளாஷ் போட்டு எடுத்தபோது, பாப்பாவின் இடது கண்மணி வெள்ளையாக விழுந்தது. வலது கண் ஃபிளாஷுக்கு எப்போதும் விழுகிறதுபோலச் சிவப்பு.

ஃபிளாஷ் கோளாறு என்று எழுதினான்.

கம்பெனிக்காரர்கள் பதறிப்போய் வேறொரு காமிரா அனுப்பினார்கள். அதிலும் வெள்ளை. அதையும் எழுதினான், இன்னும் காரமாக. வாசகர்கள் சபாஷ் போட்டார்கள்.

சாயங்காலம் லைட் போட்டால் பாப்பாவின் கண் பூனைக்கண் மாதிரி மின்னுகிறது, டாக்டரிடம் காட்டிவிடலாமா என்று ஜெபா கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். படத்தைப் பார்த்துப் பார்த்து உனக்கும் அப்படியே தோணுது என்று சிரித்தான்.

பிறகு வேறு கம்பெனியின் காமிரா வந்தது. அதிலும் இடது கண் வெள்ளை.

"அப்பவாவது?" என்றார் சிஸ்டர்.

"இந்தக் கம்பெனியும் அதே ஃபிளாஷைத்தான் வாங்கிப் போடுதுன்னு எழுதினேன்."

கீரை உருவும் கை நிற்கவில்லை.

"எத்தனை மார்க் போட்டீங்க?"

"பத்துக்கு ஆறு."

"யாருக்கு?"

அவன் அடுத்த கொத்தை எடுத்தான்.

கடைசியில் ஜெபாவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள். விஷயம் தெரிந்து இவன் பின்னாலேயே ஓடினான். கண்ணுக்குள் கட்டி என்றார் டாக்டர். புற்று. கண்ணை எடுத்துவிட்டால் பிள்ளை பிழைக்கும். நரம்பு வழியாக மூளைக்குப் போய்விட்டால் அப்புறம் யார் கையிலும் இல்லை. தாயும் தகப்பனும் சரி என்றால் நாளைக் காலையே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஜெபா சரி என்றாள்.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்த கிளாட்வின், பஸ் ஏறி இங்கே வந்துவிட்டான்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை.

"நீங்க ஜெபிச்சா நடக்கும்னு சொல்றாங்க சிஸ்டர். கண்ணை எடுக்க வேண்டாம். கட்டி மட்டும் போகட்டும். அவ்வளவுதான் கேக்கிறேன்."

"யாரு சொல்றா?"

"ஊரே சொல்லுது."

"நீங்க எழுதினதையும் ஊரு நம்பத்தான் செஞ்சுது."

பச்சை இலைகள் அவன் காலடியில் குவிந்து கிடந்தன. உருவிய இலையைத் தரையிலும் காம்பைச் சுளகிலும் போட்டுக்கொண்டிருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான். குனிந்து இலைகளைப் பொறுக்கினான். பொறுக்கிக்கொண்டே, தலை தூக்காமல், கேட்க வந்ததைக் கேட்டான்.

"எடுத்துட்டாங்கன்னா அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?"

சிஸ்டரின் கை நின்றது.

"படம் இருக்கா?"

போனை எடுத்துத் திறந்தான். பாப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பழக்கம், இரண்டு விரலை வைத்து விரித்தான். திரை முழுக்கக் கண். கண்ணுக்குள் வெள்ளை.

சிஸ்டர் விரல் வைத்துப் படத்தைச் சுருக்கினார். முழு முகம் வந்தது.

"இல்ல சிஸ்டர், இந்த ஓரத்திலதான் ஆரம்பிச்சிருக்கு, பாருங்க."

விரித்தான்.

அவர் சுருக்கினார்.

அவன் விரல் மறுபடி போனபோது, போனை வாங்கிச் சுளகில் கீரைமேல் வைத்தார். கீரைக்கறை படிந்த கட்டைவிரலைப் பாப்பாவின் இடது கண்மேல் வைத்து மூடினார்.

"யாரு இது?"

கிளாட்வின் பார்த்தான்.

கீழே இரண்டு பல். நாடியில் வழிந்த எச்சில். ஜெபா குத்திவிட்ட கிளிப் காதோரம் நழுவித் தொங்கியது. கழுத்து மடிப்பில் பவுடர் திட்டாக ஒட்டியிருந்தது.

"ரோஸ்லின்," என்றான்.

கட்டைவிரல் நகரவில்லை.

பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு கண் காமிராவைப் பார்க்கவில்லை. காமிராவுக்குச் சற்று மேலே பார்த்தது. அங்கே என்ன இருந்தது என்று யோசித்தான்.

அவன் முகம்.

போன் சுளகில் அதிர்ந்தது. கீரை நடுங்கியது. சிஸ்டர் விரலை எடுத்துக்கொண்டார்.

"ஜெபா," என்றான் போனை எடுத்து. "பாப்பா முழிச்சிருக்காளா?"

அவள் ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றான்.

"டாக்டர்கிட்ட சரின்னு சொல்லிரு. நானும் சரின்னுதான் சொல்றேன்."

திரும்பினான். சிஸ்டர் சுளகை எடுத்துக்கொண்டு எப்போதோ உள்ளே போயிருந்தார். அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"கையைக் கழுவிட்டுப் போங்க தம்பி. பிள்ளையைத் தூக்கணும்ல."