மழைப் பாட்டு இருந்த இடம்

அந்த மடத்தில் ஏடு கிடையாது. பாடல்கள் எல்லாம் தலைக்குள்தான்.

புதிதாக வருகிறவர் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டை மனதில் எடுத்துக்கொள்வார். வாசல்படியில் ஒரு பாட்டை வைப்பார், நடையில் அடுத்ததை, தூணில் அதற்கடுத்ததை. வழியில் இருக்கும் எதையும் விடக் கூடாது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நடந்தால் பாட்டுகள் வரிசையாகக் கிடைக்கும்.

மாசானமுத்து அறுபதைக் கடந்தபின் சீடரானவர். ஆசிரியர் அவரைவிட மிகவும் இளையவர்.

பௌர்ணமியன்று ஒன்றுவிடாமல் சொன்னால் மடத்தில் இருக்கலாம். இல்லையென்றால் கிளம்ப வேண்டும். மாசானமுத்துவுக்குக் கிளம்பிப் போக இடம் இல்லை.

தினமும் ஒரே பாட்டு விட்டுப்போனது. மழையைப் பற்றிய எளிய பாட்டு.

"அண்ணாச்சி இன்னைக்கும் மழையை முழுங்கிட்டாரு," என்றார் சமையல் பார்க்கும் சங்கிலிமாடன். "ஊர்ல பஞ்சம் வந்தா இவரைத்தான் பிடிச்சு உலுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாசானமுத்தும் சிரித்தார். பௌர்ணமிக்கு முதல் நாள் ஆசிரியரிடம் போனார்.

"சாமி, அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். தனியாக் கேட்டா சொல்லிருவேன். நடந்து வரும்போது மட்டும் இல்லாமப் போகுது. பாட்டுக்கும் வழிக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்களுக்கு முன்னால இங்க ஒருத்தர் இருந்தாரு. பனையிலேருந்து விழுந்து மண்டையில அடி. கை கால் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஆத்துக்குப் போற வழி மறந்துபோச்சு. காலையில யாரோட பேசினோம்கிறதும் மறந்துபோச்சு. ரெண்டும் தலைக்குள்ள ஒரே இடத்துல இருக்கும்போல."

ஆசிரியர் எழுந்து அவரை ஆற்றுக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் வற்றி, மணல் ஈரமாகக் கிடந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு உங்க வீட்டுக்குள்ள நடங்க. மனசுல இல்ல, காலால."

மாசானமுத்து நடந்தார். படி ஏறுவதுபோல் காலைத் தூக்கி வைத்தார். நடை, முற்றம், அடுக்களை. தாழ்ந்த வாசல் நிலைக்குத் தலை குனிந்தார். அங்கங்கே நின்று பாட்டைச் சொன்னார். புறவாசலைத் தாண்டி முருங்கை மரத்தடியில் நின்று அடுத்த பாட்டைத் தொடங்கினார்.

"போதும். திரும்பிப் பாருங்க."

மணலில் காலடிகள் நேராக வந்திருந்தன. புறவாசலுக்கும் முருங்கைக்கும் நடுவில் மட்டும் அவை வளைந்து, வெறும் மணலைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன.

"இங்க என்ன இருக்கு?"

மாசானமுத்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிணறு. மழைப் பாட்டை அதுலதான் வச்சேன்."

ஆசிரியர் அவர் பக்கம் திரும்பினார்.

"எம் பொண்ணு விழுந்துட்டா, சாமி. பூமயிலுன்னு பேரு. எட்டிப் பாக்குற வயசு. நான் கடையில இருந்தேன்."

அக்கரையில் யாரோ மாட்டை அதட்டும் சத்தம் கேட்டு அடங்கியது.

"எனக்கு வேற வீடு குடுங்க. இந்த மடத்துலயே எல்லாப் பாட்டையும் வச்சுக்கிறேன். விடியுறதுக்குள்ள மாத்திருவேன்."

"மாத்தலாம். மாத்தினவங்க இருக்காங்க. நாளைக்கு ஒரு பாட்டும் விட்டுப்போகாது."

மாசானமுத்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

"அந்த வீடு இப்ப இருக்கா?" என்றார் ஆசிரியர்.

"இல்ல. வித்துட்டேன். வாங்கினவங்க இடிச்சுட்டாங்க. கிணத்தையும் மண்ணைப் போட்டு மூடியாச்சு."

"பிள்ளையத் தெரிஞ்சவங்க?"

"அவ அம்மா போய்ச் சேர்ந்துட்டா. இப்ப நான் மட்டுந்தான்."

காலடிகள் சுற்றிச் சென்ற வெறும் மணலின் ஓரத்தில் ஆசிரியர் உட்கார்ந்தார்.

"நீங்களும் போகலேன்னா, அவகிட்ட யாரு போவா?"