ஆமைக் குறி போட்ட அடிமரம்

மடைப்பாடி என்று ஒரு நாடு. இப்போது போய்த் தேடினால் கிடைக்காது, கதை சொல்லும்போது மட்டும்தான் இருக்கும். அதற்கு ராஜா மழவராயர். நல்ல மனுஷர்தான். கோபம் மட்டும் அடுப்பில் வைத்த பால் மாதிரி, சட்டென்று பொங்கிவிடும். பக்கத்தில் நின்று ஊதி அடக்க ஒருவர் வேண்டும். அதற்குத்தான் சபையில் ஆதிச்சன் இருந்தான்.

அந்த வருஷ மழைக்கு ஆறு செக்கச்செவேலென்று வந்தது. மேற்கே குடமலை நாட்டில் மலை மேலிருந்த மரத்தையெல்லாம் வெட்டிவிட்டார்கள். பிடித்து வைக்க வேர் இல்லாத மண் கரைந்து, ஆற்றோடு வந்து, மடைப்பாடிப் பெரிய ஏரியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டது. யானை முங்கிக் குளித்த இடத்தில் ஆடு முழங்கால் நனையாமல் நின்றது. இனி நெல்லுக்குத் தண்ணீர் ஏது?

பால் பொங்கிவிட்டது.

“குடமலையான் வேண்டுமென்றே செய்கிறான்! ஏரியைத் தூர்த்து என்னைப் பட்டினி போடப் பார்க்கிறான். தளபதி, படை கிளம்பட்டும்!”

தளபதி காடவனுக்கு வாயெல்லாம் பல். “முந்நூறு புதுத் தேர் தயார், மகாராஜா! மீசை முளைத்தவன் ஒருத்தன் ஊரில் மிச்சம் இருக்கமாட்டான்.”

அந்த முந்நூறு தேர் வந்த கதை வேறு. மூன்று வருஷத்துக்கு முன்னால், குடமலை ராஜா நம் ராஜாவைக் குள்ளர் என்று சொன்னதாக யாரோ வந்து வத்தி வைத்தார்கள். அன்றைக்கே தேர் செய்ய உத்தரவு போட்டார். ராஜா குள்ளம்தான். அதை யாரும் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

ஆதிச்சன் மெதுவாக எழுந்தான். “எல்லாரும் சண்டைக்குப் போய்விட்டால் நாற்றங்காலை யார் பார்ப்பது, மகாராஜா? தளபதி பார்ப்பாரா?”

“பயந்தாங்கொள்ளி!” என்றார் தளபதி.

“ஆமாம் ஐயா. என் வீட்டுக்காரியும் அதையேதான் சொல்கிறாள். ஆனால் மகாராஜா, இந்த மரத்தை வெட்ட வைத்தவன் என்று ஒருத்தன் இருப்பானே. அவனை மட்டும் பிடித்தால் போதாதா?”

ராஜா யோசித்தார். “சரி. எட்டு நாள் தருகிறேன். அவனை என் முன்னால் நிறுத்து. இல்லையென்றால் ஒன்பதாம் நாள் படை கிளம்பும். முதல் தேரில் நீதான்!”

ஆதிச்சன் கைகூப்பினான். “நிறுத்தினால் அவனுக்கு என்ன தண்டனை?”

“ஏரிச் சேற்றை அவன் தலையில் சுமக்க வேண்டும். ஊரே பார்க்க!”

“அவன் யாராக இருந்தாலுமா?”

“யாராக இருந்தாலும்! என் ஆமைக் கொடி மேல் ஆணை!”

எட்டாம் நாள் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டியில் துணி போட்டு மூடிய ஏதோ ஒன்று. பக்கத்தில் கோடன் என்ற குடமலை மரவெட்டி.

“இவன்தானா?” ராஜா எழுந்தேவிட்டார்.

“வெட்டுனது நான்தான் சாமி,” என்றான் கோடன். “கேட்டது வேற ஆளு. எங்க மலையில ஒரு வழக்கம் உண்டு. யாருக்காக வெட்டறமோ, அவங்க குறிய மொதல்ல மரத்தோட அடியில கொத்திருவோம். ‘கேட்டது இவருதான், கோவிச்சுக்கறதா இருந்தா இவரக் கோவிச்சுக்க’ன்னு மரத்துக்கிட்டச் சொல்லுவோம். அப்பறம் குறிக்கு மேலதான் கோடாலி வெப்போம். மரம் ஆத்தோட போயிரும். குறி மலையிலயே நிக்கும்.”

ஆதிச்சன் துணியை விலக்கினான். வேரோடு தோண்டி எடுத்த ஒரு அடிமரம். அதில் அழகாக ஒரு ஆமை. வால்கூடத் தெளிவாக இருந்தது.

ராஜா அதைத் தடவிப் பார்த்தார். “இது ஒன்றுதானே?”

“மலை பூரா ஆமைதான் சாமி. நடந்தா கால்ல இடிக்கும்.”

ராஜா திரும்பினார். “தளபதி, தேருக்கு மரம் எங்கிருந்து வந்தது?”

“படகுத்துறையிலிருந்து, மகாராஜா.”

“துறைக்கு எங்கிருந்து வந்தது?”

தளபதி விட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஆதிச்சன் சொன்னான். “அவர்கள் மலையில் நெல் விளையாது. மரம் கொடுத்தால் நெல் கிடைக்கும் என்று வெட்டினார்கள். இங்கே தேர் ஏற ஏற அங்கே பயம் ஏறியது. அவர்களும் மரக்கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அதற்கும் அதே மலை. நீங்கள் குடமலை ராஜாவை மிரட்டினீர்கள், அவர் உங்களைப் பார்த்து மிரண்டார். ஏரிதான் மண்ணால் நிறைந்தது. நிற்கிற மரத்துக்கு நெல் கொடுங்கள், மகாராஜா. அவர்கள் ஏன் வெட்டப் போகிறார்கள்?”

ராஜா ஆமையைப் பார்த்தார். ஆதிச்சனைப் பார்த்தார். அப்புறம் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“சும்மாடு கொண்டுவாருங்கள்,” என்றார்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் ஊரே கூடிவிட்டது. தளபதிதான் கூடையைத் தூக்கிவிட்டார். ராஜா நாலு எட்டு வைப்பதற்குள் கழுத்து உள்ளே போய்விட்டது.

“ஆதிச்சா! ஒரு கூடைச் சேறு இவ்வளவா கனக்கும்?”

“அது ஒரு தேர், மகாராஜா. இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது இருக்கிறது.”

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சேறு முழுக்கத் தளபதி மேல் கொட்டியது. ஆனாலும் ஆணை ஆணைதான் என்று உச்சிவெயில் வரை சுமந்தார். பிறகு முந்நூறு தேரையும் ஏரிக்கரைக்கு வரவழைத்தார். பாதித் தேரில் நெல், பாதித் தேரில் குடமலைக்குத் திரும்பிப் போக வேண்டிய மண். சண்டைக்கு இல்லை என்று சொல்லக் கோடனை முன்னால் ஓடவிட்டார்.

“எனக்குப் பரிசு ஒன்றும் இல்லையா, மகாராஜா?” என்று தலையைச் சொறிந்தான் ஆதிச்சன்.

ராஜா சேறு வழியும் முகத்தோடு, வாய்விளிம்பு வரை மண் ஏற்றிய ஒரு தேரைக் காட்டினார்.

“நான் சொன்ன சொல் மாறமாட்டேன். முதல் தேரில் நீதான். ஏறு!”