பதினோரு டீசி

பக்கத்து ஊரு நடுநிலைப்பள்ளி மூணாவது தடவையா கேடயம் வாங்குனதுலருந்து, ஹெட்மாஸ்டர் அருணாசலத்துக்குச் சோறு இறங்கல. போன வருஷத்தைவிட எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மார்க்குல அதிகமா முன்னேறுனாங்களோ, அதுக்குத்தான் அந்தக் கேடயம். பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியலைன்னு ஒருநாளும் தூக்கம் கெடாத மனுசன், கேடயத்துக்காகத் தூக்கம் கெட்டாரு. வருஷ இலக்கு எழுதுற படிவத்தை விரிச்சு வச்சுக்கிட்டு, வாசிக்கத் தெரியாத பதினோரு பேரைக் கூப்பிட்டாரு.

"எல்லாருக்கும் டீசி தாரேன். போயி பக்கத்து ஊருல சேருங்க. இங்க சராசரி ஏறட்டும், அந்த ஊரு ஹெட்மாஸ்டர் இருக்கானே, அந்த ஆளோட சராசரி இறங்கட்டும்!"

அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தி, ஏழாவது படிக்கிற முப்பிடாதி. ஆறு கிலோமீட்டர் நடக்கணும்னா, அவ அப்பா படிப்பையே நிறுத்திருவாரு. வாசிப்புதான் அவளுக்கு வராது, வாயில அவளை அடிச்சுக்க ஆள் கிடையாது.

"தாங்க சார். அடுத்த வருஷக் கேடயத்தையும் சேத்தே குடுத்தனுப்புங்க."

"என்னட்டி சொல்லுத?"

"நாங்க இப்ப முட்டை மார்க்கு. அங்க போயி நாப்பது எடுத்தா, நாப்பதும் அவங்களுக்கு முன்னேற்றம். உங்க செல்லப்பிள்ளை வேம்பு தொண்ணூத்தெட்டு. அவ இனி எங்க சார் ஏறுவா, ஓட்டுக்கூரைக்கு மேலயா?"

ஹெட்மாஸ்டருக்கு மூஞ்சி கறுத்துருச்சு. எழுதி வச்சிருந்த பதினோரு டீசியையும் கிழிச்சுப் போட்டுட்டு, அவரே சாக்பீஸை எடுத்துப் பலகையில பெருசா 'அ' போட்டாரு. போட்டவரு சட்டுனு திரும்புனாரு.

"ஏட்டி, அந்தப் பள்ளிக்கூடத்துல வாசிக்கத் தெரியாத பிள்ளைக எத்தனை இருக்கு? அந்த முன்னேற்றமெல்லாம் அந்த ஆளுக்கு மட்டும் எதுக்கு? எல்லாத்தையும் இங்க வரச்சொல்லு!"