நெருப்புப் பல்லியும் நாற்பத்தெட்டுக் கூட்டாளிகளும்

பூபதி வாயைத் திறந்தால் பீளமேட்டுப் பேக்கரி மாடியில் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றி அவன் பேச்சைக் கேட்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் பூபதிதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுக்கு வாய் நிறைய வேலை இருந்தது. அடுத்த வாரம் ஈரோட்டில் சூப்பர் ஹீரோ சீட்டாட்டப் போட்டி. ஒருத்தரை ஒருத்தர் கவிழ்க்கிற ஆட்டமல்ல அது. மூன்று பேர் ஓரணியாகச் சேர்ந்து, சீட்டுகளே ஆட்டிவைக்கும் ஒரு வில்லனை வீழ்த்த வேண்டும். ஆளுக்கொரு ஹீரோ, ஹீரோவுக்குத் துணையாகக் கூட்டாளிச் சீட்டுகள். வில்லன் யாரை அடித்தாலும் நம் கூட்டாளி ஒருவனைக் குறுக்கே நிறுத்தலாம். அவன் அடியை வாங்கிக்கொண்டு வெளியேறுவான், ஹீரோ பிழைப்பார். ஒரு ஹீரோ விழுந்தாலும் மூன்று பேருக்கும் தோல்வி.

போன ஞாயிறு இதே மாடியில் ஆடியபோது, கூட ஆடுகிற மேகலாவின் ஹீரோவுக்கு ஓர் உயிர்தான் மிச்சம். பூபதியிடம் மூன்று கூட்டாளிகள் குத்துக்கல் மாதிரி நின்றார்கள். அதில் நெருப்புப் பல்லி என்கிற பளபளப்புச் சீட்டும் ஒன்று. அவன் ஒருத்தரையும் அனுப்பவில்லை. ஆட்டம் போயிற்று. மேகலா பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவள், அன்றைக்குப் பிறகு அவனிடம் வாயே திறக்கவில்லை. ஈரோட்டுக்குப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியல் அவள் கையில் இருந்தது. மூன்றாவது வரி காலியாக இருந்தது. அதில் தன் பெயர் வருமா என்று பூபதி எட்டி எட்டிப் பார்த்தான்.

"புதுசாக் கட்டு கோத்திருக்கறனுங்க," என்றான். "அம்பது சீட்டு. அதுல நாப்பத்தெட்டு கூட்டாளிக."

"ஒரு நேரத்துல மூணு பேருக்கு மேல மேசையில நிக்கக் கூடாதுங்களே," என்றார் தாமோதரன். கல்லூரியில் கணக்கு வாத்தியார். விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர்.

"அது உங்களுக்கும் எனக்கும் சார். புதன்கிழமை வீட்ல தனியா ஆடிப் பாத்தனுங்க. நாலாவது ஆளை எடுத்து வெச்சதும் வில்லனே சொல்லிட்டான், பாவம், தூரத்துல இருந்து வந்திருப்பாங்க, நிக்கட்டும் உடுங்கன்னு."

தாமோதரன் தேங்காய் பன்னைப் பிய்ப்பதை நிறுத்தினார். அது போதும் பூபதிக்கு.

"மேசை பத்தலைங்க. டிவி மேல வெச்சேன், பிரிட்ஜ் மேல வெச்சேன், படிக்கட்டுல எறக்கினேன். கடைசி ஆளு பஸ் ஸ்டாப்புல போய் நின்னான். நாலு பஸ்ஸு, ஆளு ஏறுவானாட்டிருக்குதுன்னு நின்னு பாத்துட்டுப் போச்சு."

"சீட்டு ஏறுமுங்களா?"

"அதேதானுங்க அந்த கண்டக்டரும் கேட்டாரு."

மேகலா பேனாவை மூடினாள். கேட்கிறாள் என்று பூபதிக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு வந்தது.

"வில்லன் கையை ஓங்கிட்டு வந்தானுங்க. நாப்பத்தெட்டுப் பேரும் குறுக்கே உழுந்துட்டாங்க. நான் வாங்கறேன் அடியை, நீ தள்ளு, உனக்குக் குழந்தை குட்டி இருக்குதுன்னு ஒரே தகராறு. பொழுது சாயற வரைக்கும் முடியல. ஓங்குன கை ஓங்குனபடி நின்னு, வில்லனுக்குத் தோள்பட்டை புடிச்சுக்கிச்சு. நாந்தான் தைலம் தேச்சு உட்டேன்."

"உங்க ஹீரோ என்னங்க பண்ணிட்டிருந்தாரு?" என்று கேட்டார் தாமோதரன்.

"தூங்கிட்டாருங்க. இத்தனை பேரு இருக்கறப்ப அவருக்கு என்ன வேலை? கடைசில வில்லன் கண்ணு கலங்கிட்டான். எனக்கு முன்னால நிக்க இப்படி ஒருத்தன் இல்லையே, என்னையும் சேத்துக்கோங்கன்னான். சேத்துக்கிட்டேன். இப்ப மொத்தம் நாப்பத்தொம்பது."

மேகலா முதன்முறையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"நாப்பத்தொம்பது பேரு இருக்காங்க பூபதி. போன வாரம் எனக்கு முன்னால ஒருத்தன் வரலையே."

பூபதியிடம் இதற்கு ஒரு கதை இருந்திருக்க வேண்டும். தேடினான், இல்லை. "பல்லி பளபளன்னு நின்னுச்சுங்க. மனசு வரல," என்றான் கடைசியில். வாழ்க்கையில் அவன் சொன்ன உண்மைகளை எண்ணினால் இது ஏழாவதோ எட்டாவதோ இருக்கும்.

அவள் சீட்டைக் கலைத்தாள். மூவரும் ஆடினார்கள். மேசையில் பூபதியின் கூட்டாளிகள் மூன்று பேர்தான் நின்றார்கள், புத்தகத்தில் உள்ளபடி. வில்லனின் அடியில் ஒவ்வொருவராகப் போக, கடைசியில் பல்லி மட்டும் மிஞ்சியது. மேகலாவின் ஹீரோவுக்கு மறுபடியும் ஒற்றை உயிர். தாமோதரன் வில்லனின் சீட்டைத் திருப்பினார். பெரிய அடி, அவளுக்குத்தான்.

பூபதி பல்லியை எடுத்தான். சட்டையில் ஒருமுறை துடைத்தான். மேகலாவின் சீட்டுக்கு முன்னால் வைத்தான். பிறகு அதைக் கவிழ்த்து, போன சீட்டுகளோடு அவனே சேர்த்தான். உள்ளபடியே வலித்தது.

அடுத்த சுற்றில் மேகலா வில்லனை முடித்தாள். பேனாவைத் திறந்து மூன்றாவது வரியில் பூபதியின் பெயரை எழுதினாள்.

"ஞாயித்துக்கெழமை காலைல ஆறு மணிக்குக் கார் கெளம்பும்," என்றாள். "அதுல உங்க ஒருத்தருக்குத்தான் எடம். அந்த நாப்பத்தொம்பது பேரை நடந்து வரச் சொல்லுங்க."

"அவங்க புதன்கிழமையே கெளம்பிட்டாங்க டாக்டர். இந்நேரம் பெருந்துறை தாண்டியிருப்பாங்க," என்றான் பூபதி. கவிழ்ந்து கிடந்த சீட்டை ஒரு பார்வை பார்த்தான். "பல்லி மட்டும் இப்பத்தான் அடிபட்டுதுங்களே, கொஞ்சம் நொண்டிக்கிட்டுப் பின்னால வரும். வழில பாத்தா ஏத்திக்கலாமுங்களா?"