செத்த தவில்காரர் சொன்ன சாட்சி

ஆலங்கரைச் சீமையை ஆண்ட ராஜா திருமலைக்கொழுந்துக்கு ஒரு கெட்ட பழக்கம். தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் வழக்கைக் கேட்பார். அன்றைக்கும் "வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் கழு" என்று சொல்லி முடித்த பிறகே, "ஆமாம், இந்தப் பெண் என்ன செய்தாள்?" என்று கேட்டார்.

அவளைக் கைது செய்த தளவாய் வெள்ளைமுத்து மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இரட்டைக் கொலை, மகாராஜா. அரண்மனைத் தவில்காரர் அம்பலவாணரும் அவர் புதுப் பெண்சாதி செண்பகமும். ஆற்றங்கரையில ரெண்டு பேர் துணியும் ரத்தத்தோட கிடந்தது. உடம்பை முதலை கொண்டு போயிருக்கும். இவ ஆவுடையம்மை, அவரோட பழைய பெண்சாதி. போன வருஷம் பஞ்சாயத்துல துரும்பு கிள்ளிப் போட்டுப் பிரிஞ்சவ. 'உன்னை வெட்டி ஆத்துல போடுவேன்'னு சந்தையில கத்தினதுக்கு நாற்பது சாட்சி இருக்கு."

"கத்தினாயா?" என்றார் ராஜா.

"கத்தினேன் மகாராஜா. கூட இருந்தப்ப தினமும் கத்தினேன்" என்றாள் ஆவுடையம்மை. "கொல்றதா இருந்தா அப்பவே கொன்னிருப்பேனே. ஒரே வீடு, கைக்கெட்டுற தூரத்துல அரிவாள்மனை. பிரிஞ்சு வந்து ஒரு வருஷம் நிம்மதியாத் தூங்கிட்டு அப்புறமா யாராவது கொல்லுவாங்களா?"

சபையில் இருந்த கல்யாணமான ஆண்கள் எல்லோரும் எச்சில் விழுங்கினார்கள். அரண்மனை விகடர் குற்றாலம் மட்டும் சிரித்துவிட்டார். ராஜாவுக்கு முகம் சிவந்தது.

"என்ன சிரிப்பு?"

"அம்பலவாணர் வீட்டை நானும் போய்ப் பார்த்தேன், மகாராஜா. தவில் இருக்கு, கழி இருக்கு. விரல்ல மாட்டுற கூடுகளைத்தான் காணோம்."

"மாட்டிக்கிட்டே ஆத்துக்குப் போயிருப்பார்" என்றார் தளவாய்.

"துணியும் பசையும் சேர்த்துச் செஞ்ச கூடு. தண்ணி பட்டா ஊறிப் போயிடும். அதை மாட்டிக்கிட்டு எந்தத் தவில்காரரும் ஆத்துப் பக்கம் போகமாட்டார். அடுத்த சமஸ்தானத்துக்குப் போக மூணு தடவை உத்தரவு கேட்டார், நீங்க கொடுக்கலை. அதான் ஆட்டு ரத்தத்தைத் தெளிச்சுட்டு, கூடுகளை மட்டும் எடுத்துக்கிட்டு, சந்தடி அடங்கினதும் எல்லை தாண்டலாம்னு இங்கேயே எங்கேயோ உயிரோட ஒளிஞ்சிருக்கார்."

போட்டாரே ஒரு நிபந்தனை ராஜா! "அப்படியா? சரி, செத்தவனே என் முன்னால் வந்து 'இவள் கொல்லவில்லை' என்று சொல்லட்டும். வெள்ளிக்கிழமைக்குள். இல்லாவிட்டால் இரண்டு கழு நடுவோம். ஒன்று உனக்கு."

குற்றாலம் பணிவாகக் கும்பிட்டார். நேரே சிறைக்குப் போனார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு..."

"பழைய வீட்டுக்காரர்."

"பழைய வீட்டுக்காரருக்கு எதைக் கண்டா பொறுக்காது?"

"எங்க கல்யாணத்தையே சொல்றேன், கேளுங்க" என்றாள் அவள். "தாலியைக் கையில எடுத்துட்டார். மேளக்காரர் தாளத்துல ஒரு தட்டை விட்டுட்டாராம். தாலியை என் மடியில போட்டுட்டு, மணையை விட்டு எழுந்து, தவிலைப் பிடுங்கி இவரே வாசிக்க ஆரம்பிச்சுட்டார். அவர் முடிக்கறதுக்குள்ள முகூர்த்தம் போயிடுச்சு."

குற்றாலம் சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

மறுநாளே ஊரெங்கும் தண்டோரா. 'வியாழக்கிழமை காலை, கோயில் மண்டபத்தில், அமரர் அம்பலவாணருக்குப் புகழுரையும் மேளக்கச்சேரியும்.' தன் புகழைத் தானே கேட்கக் கிடைக்கிற வாய்ப்பை எந்த வித்துவான் விடுவார்?

வியாழக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் ராஜா. பக்கத்தில் தளவாய். ஓரமாகக் காவலோடு ஆவுடையம்மை. கூட்டத்தில் தாடியும் திருநீறுமாக ஒரு பண்டாரம், அவரருகே முக்காடிட்ட ஒரு பெண். "இப்படி ஒரு கை இனி எங்கே பிறக்கும்?" என்று குற்றாலம் புகழ்ந்தபோது பண்டாரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கோயில் தவில்காரர் மாசிலாமணி தவிலை எடுத்தார். சுத்தமான வாசிப்புக்காரர். ஒரு தட்டை விட்டு வாசிக்கும்படி குற்றாலம் முந்தின நாள் கேட்டபோதே "கை கூசுதுங்க, பாவம் பிடிக்கும்" என்று அழுதிருந்தார். இருந்தாலும் ஓர் உயிர் போகிற விஷயமல்லவா? எட்டுத் தட்டுத் தாளத்தில் ஏழு தட்டித் தட்டி எட்டாவதை விழுங்கினார்.

பண்டாரத்தின் தோள் துள்ளியது. இரண்டாவது சுற்று. கை தொடைக்குப் போனது. மூன்றாவது சுற்றில் அந்தப் பெண் அவர் வாயைப் பொத்தினாள். தளவாயோ சம்பந்தமே இல்லாத இடங்களில் தொடையைத் தட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

"ஆகா, அம்பலவாணரை விடச் சுத்தம்" என்றார் குற்றாலம் உரக்க.

அவ்வளவுதான். "அடேய், எட்டாவது தட்டு எங்கடா?"

நாலு தலையைத் தாண்டிக் குதித்தார் பண்டாரம். தவிலைப் பிடுங்கினார். மடியிலிருந்து கூடுகளை எடுத்து மாட்டிக்கொண்டு, எட்டுத் தட்டையும் அப்பழுக்கில்லாமல் வாசித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். தாடி ஒரு காதில் தொங்கியது.

"அம்பலவாணரே, இவள் உம்மைக் கொன்றாளா?" என்றார் ராஜா.

"இல்லைங்க மகாராஜா."

"இவளுக்கு நாளைக்குக் கழு என்பது தெரியுமா?"

"தெரியும். வாயைத் திறந்தா நான் மாட்டிக்குவேனே, அதான்..."

"ஓர் உயிர் போகிறது என்றபோது வாயை மூடிக்கொண்டிருந்தீர். ஒரு தட்டு போனதும் ஓடி வந்தீரா?"

காவலர்கள் ஆவுடையம்மையின் கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். "மகாராஜா, இவர் இப்படித்தான்னு பஞ்சாயத்துல நிரூபிக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு" என்றாள். "குற்றாலம் ஐயா மூணே சுத்துல முடிச்சுட்டார்."

பிறகு முக்காடு விலகி நின்ற செண்பகத்தைப் பார்த்து, "தங்கச்சி, துரும்பு வேணும்னா சொல்லு" என்றாள்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையைக் குற்றாலத்துக்குப் போட்டார். "அம்மா, இவருக்கு என்ன தண்டனை? நீயே சொல். உனக்குச் சம்மதமென்றால் அந்தக் கழு இன்னும் தயாராகத்தான் இருக்கிறது."

ஆவுடையம்மை தளவாயைத் திரும்பிப் பார்த்தாள். "கழு வேண்டாம் மகாராஜா. தளவாய்க்கு ஒரு வருஷம் தவில் கத்துக்கொடுக்கச் சொல்லுங்க."

தளவாய் பூரித்துப்போய் மறுபடியும் தொடையைத் தட்டினார். அதுவும் தப்பாக.

அம்பலவாணர் மெல்ல எழுந்து, "மகாராஜா, கழு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.